பூச்சியம் போடுவதை விட்டு எழுத வாருங்கள்

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்துகொண்டு விடிய விடிய கேம் ஆடும் தம்பிமாரே, தங்கைமாரே,

உங்களோடு நேராகவே கதைக்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரு கேமுக்கு யாராவது ஒரு விமர்சகர் குறைத்துப் புள்ளி போட்டுவிட்டாலும் சரி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டாலும் சரி, உங்கள் வட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழும் வசனம் ஒன்றுதான்: "காசு வாங்கிட்டான்." பிறகு இணைப்பை ஆளுக்கு ஆள் அனுப்புகிறீர்கள். கூட்டமாகப் போய்ப் பூச்சியம் போட்டுவிட்டு வருகிறீர்கள். எழுதியவர் பெண்ணாக இருந்தால் ஏச்சு இன்னும் கீழே இறங்குகிறது. நானும் உங்களைப் போல ஆடுகிறவன்தான். நாற்பதைத் தாண்டியும் விட மனம் வரவில்லை. அவ்வப்போது தமிழில் கேம் விமர்சனமும் எழுதுகிறேன். அதனால் இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் பழக்கம்.

விமர்சகர்களைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2004இல் 'டிரைவர்' வரிசையின் மூன்றாவது கேமுக்கு இரண்டு பிரித்தானிய சஞ்சிகைகள் மற்றவர்களை முந்திக்கொண்டு பத்துக்கு ஒன்பது கொடுத்தன. கடைக்கு வந்த கேமோ பிழைகள் மலிந்து கிடந்தது. அன்று எழுந்த சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்தத் துறையில் காசு எந்தப் பக்கமிருந்து அழுத்துகிறது என்பதை அறிய அதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. 2007 நவம்பரில் அமெரிக்காவின் கேம் விமர்சன இணையத்தளமான கேம்ஸ்பொட், ஜெஃப் கேர்ஸ்ட்மன் என்ற விமர்சகரை வேலையிலிருந்து நீக்கியது. 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு அவர் பத்துக்கு ஆறு கொடுத்திருந்தார். அதே கேமின் விளம்பரம் அந்த நாட்களில் கேம்ஸ்பொட்டின் முகப்பை மூடிக்கொண்டிருந்தது. நடந்ததை அவர் வெளிப்படையாகச் சொல்ல 2012 வரை ஆயிற்று. அதுவரை ஒப்பந்தம் அவர் வாயைக் கட்டி வைத்திருந்தது.

அதில் வேலை இழந்தவர் யார் என்று பாருங்கள். காசுக்கு மசியாமல் குறைந்த புள்ளி கொடுத்தவர்தான் வெளியே போனார். விளம்பரப் பணம் சொன்னது ஒன்றே ஒன்று: எங்கள் கேமைக் குறைத்துச் சொன்னவன் அந்த நாற்காலியில் இருக்கக்கூடாது.

இப்போது 2013 செப்டெம்பருக்கு வாருங்கள். 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5' வெளிவந்தது. அதே கேம்ஸ்பொட்டில் கரோலின் பெட்டிட் என்ற பெண் விமர்சகர் பத்துக்கு ஒன்பது கொடுத்தார். ஒன்பது! ஆனால் இந்தக் கேம் பெண்களைக் காட்டும் விதம் சரியில்லை என்று சில வரிகள் எழுதிவிட்டார். அவ்வளவுதான், அவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்ற மனுவில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். மூன்றே நாட்களில் 100 கோடி டொலர் விற்ற கேம் அது. அதற்குக் காவல் நிற்க ஆள் தேவைப்பட்டதா? 2007இல் விளம்பரப் பணம் செய்ததை 2013இல் இரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்யப் புறப்பட்டார்கள். நீங்கள் பூச்சியத்தோடு கிளம்பும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள். கம்பனிக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். அவருக்கு அது வசதி.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஏனென்றால் நீங்கள் விமர்சகர்கள்மேல் வைக்கவேண்டிய உண்மையான குற்றச்சாட்டு வேறொன்று இருக்கிறது. அதை நீங்கள் சரியாக வைப்பதேயில்லை.

அவர்கள் நாம் ஆடும் இடத்தில் இருந்து ஆடுவதில்லை.

'சைபர்பங்க் 2077' ஞாபகம் இருக்கிறதுதானே? 2020 டிசெம்பர் 10 அன்று வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டும். தாங்கள் ஆடியபோது பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதியில்லை. விலையுயர்ந்த கணினியில் ஆடிவிட்டு எழுதினார்கள். விமர்சகர்களின் புள்ளிகளைச் சராசரியாக்கிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு நூற்றுக்கு 86 வந்தது. நம் ஊரில் யாரிடம் அந்தக் கணினி இருந்தது? யட்டிநுவர வீதிப் பக்கமோ கொழும்பிலோ கைமாறி வந்த பழைய பிளேஸ்டேஷன் 4 தான் நம்மில் பலரிடம். அந்த மெஷினில் கேம் நடுவழியில் நின்றது, முகங்கள் கரைந்தன, தெருக்கள் காலியாகக் கிடந்தன. பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் புள்ளி பிறகு 57இல் போய் நின்றது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. "இது கணினிப் பதிப்பின் விமர்சனம்" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுவிட்டுக் கடந்துபோன விமர்சகர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. அந்த ஒரு வரிதான் தலைப்பில் இருந்திருக்க வேண்டியது.

இன்னொன்று. 2022 பெப்ரவரி 25 அன்று 'எல்டன் ரிங்' வந்தது. உலகமே புகழ்ந்தது, 96 புள்ளி. நமக்கு அது வந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அந்தக் கேமில் நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது என்று விமர்சகர்கள் குறைபட்டார்கள். நமக்கு முக்கியமாக இருந்ததோ வேறு: அது ஆட ஆடத் தானாகவே சேமித்துக்கொள்ளும். திடீரென்று கரண்ட் போனாலும் அரை நாள் உழைப்பு போகாது. சேமிப்பு எங்கே, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று எந்தச் சர்வதேச விமர்சனத்திலாவது ஒரு பந்தி படித்திருக்கிறீர்களா? அவர்கள் வீட்டில் கரண்ட் போவதில்லை. அவர்கள் எழுதவில்லை. எழுதாதது அவர்கள் குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்பதற்கு நாம் அங்கே இல்லை.

இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கணினியில் 150 ஜிபி இடம் கேட்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு நைட் டேட்டாவில் பகுதி பகுதியாக இறக்கினால் எத்தனை இரவு, எத்தனை ரீலோட் என்பது நமக்குத்தான் தெரியும். 'டயப்ளோ 4' தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு அறுபடக்கூடாது என்கிறது. ஹந்தானை மலைக்குப் பின்னால், புசல்லாவைப் பக்கம், சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத வீட்டில் இருப்பவன் அதை வாங்கலாமா கூடாதா? கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் விலை நமக்கு டொலரில்தான் விழுகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, எந்த விமர்சகரும் ஒரு புள்ளியும் மாற்றாமலே, நமக்கு ஒவ்வொரு கேமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே, சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் நம் நாடு இருக்கவேயில்லை. வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, முகவரி ஒன்றைக் கற்பனை செய்து, அந்த நாட்டு அட்டையை வாங்கி ஆடுவது நமக்குப் பழகிப்போன விஷயம். அதனால்தான் 2024 மே மாதம் நடந்ததை நீங்கள் மறக்கக்கூடாது. 'ஹெல்டைவர்ஸ் 2' கேமை ஸ்டீமில் வாங்கி ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், இனிமேல் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்றது சோனி. அந்த வசதி இல்லாத 177 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் விற்பனையும் நிறுத்தப்பட்டது. இரசிகர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். சில நாட்களுக்குள், மே 6இல், சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

"பார்த்தீர்களா, கூட்டமாக அடித்தால் நடக்கிறது" என்பீர்கள். நடந்தது உண்மை. ஏன் நடந்தது என்றும் பாருங்கள். ஸ்டீமில் கேமை வைத்திருப்பவர்தான் விமர்சனம் எழுத முடியும். எத்தனை மணித்தியாலம் ஆடினார் என்பது பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும். நூறு மணித்தியாலம், இருநூறு மணித்தியாலம் ஆடியவர்கள், ஒரே காரணத்தை, தெளிவாக எழுதினார்கள்: எங்கள் நாட்டில் இந்தக் கணக்குக் கிடையாது, நாங்கள் பணம் கொடுத்து வாங்கியதை எப்படி ஆடுவது? கேட்டது யாருடைய தலையையும் அல்ல. எந்த விமர்சகரையும் ஏசவில்லை. நிபந்தனை போனதும் பலர் தங்கள் விமர்சனத்தைத் தாங்களே மாற்றினார்கள். விற்பனைத் தடை மாதக்கணக்கில் நீடித்தது என்பது வேறு கதை. சண்டை அதோடு முடியவில்லை.

அதற்கு எதிர்ப்பக்கம் 2020 ஜூன் 19. 'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம். விமர்சகர்கள் 93 கொடுத்தார்கள். வெளியான சில மணித்தியாலங்களுக்குள் மெட்டாகிரிட்டிக்கில் பூச்சியங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து, இரசிகர் புள்ளி பத்துக்கு நான்குக்கும் கீழே போனது. ஆடி முடிக்க இருபது மணித்தியாலத்துக்குமேல் பிடிக்கும் கேம் அது. பூச்சியம் போட்டவர்கள் எதை ஆடினார்கள்? ஏப்ரலில் கசிந்த கதையைப் படித்துவிட்டுத் தீர்ப்பை முதலே எழுதி வைத்திருந்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது: கேம் வெளியாகி 36 மணித்தியாலம் கழியும்வரை இரசிகர்கள் புள்ளி போட முடியாது. அந்தக் கேமில் அபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லோரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் போயின. கதை எழுதியவரும் அல்லர் அவர்; எழுதிக் கொடுத்ததைப் பேசியவர்.

அதிலும் விமர்சகர் தரப்பில் ஒரு கோணல் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. கேமின் இரண்டாம் பாதியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அவர்கள் கையில் கேம் கொடுக்கப்பட்டது. இரசிகர்கள் எதற்காகக் கொதித்தார்களோ அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல முடியாமல் எழுதிய விமர்சனங்கள் அவை. அந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்கியவர் ஏமாந்ததாக உணர்ந்தால் அது வீண் கோபம் அல்ல. அந்தக் கோபத்தை, "இரண்டாம் பாதியை ஏன் மறைத்தீர்கள்? கம்பனியின் நிபந்தனைக்கு ஏன் தலையாட்டினீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டி வந்திருக்கும். பூச்சியத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதை வடிகட்டி எறிய ஒரு விதி போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்கிறேன். நாம் கண்டிக்காரர். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரடங்குக்குள் இருந்தோம், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. கேமுக்குப் போடும் பூச்சியத்தையும் எரிந்த கடைகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வைத்தால் அது இழந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் ஒரு பெயரைக் காட்டி "இவன்தான், எல்லாரும் வாங்கோ" என்று கைபேசியில் அனுப்பப்படும் செய்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நேரில் கண்ட ஊர் இது. அந்தப் பழக்கத்தை விளையாட்டுக்குக்கூட நாம் வளர்க்கக்கூடாது. நம் பக்கத்தில் தமிழில் நன்றாக எழுதத் தொடங்கிய ஒரு தங்கை, ஒரு பிரபலமான துப்பாக்கிச் சண்டைக் கேமைச் சுமார் என்று சொன்னதற்காக வாங்கிய ஏச்சோடு எழுதுவதையே விட்டுவிட்டாள். அவள் சொன்னது பிழை என்று உங்களில் ஒருவராவது காரணத்தோடு எழுதியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தமிழ்ப்பட விமர்சனச் சண்டை உங்களுக்குப் புதிதல்ல. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்து அடி வாங்கியதும், முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டுத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. அன்று நீங்கள் எல்லோரும் விமர்சகன் பக்கம் நின்றீர்கள். "காசு கொடுத்துப் பார்க்கிறவன் வாய் திறக்கக்கூடாதா" என்று கேட்டீர்கள். அதே நியாயத்தை நீங்கள் விரும்பும் கேமைக் குறைசொல்பவருக்கும் கொடுங்கள் என்பதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

புள்ளி என்பதை வெறும் எண்ணாக நினைக்கிறீர்கள். 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' கேமைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு இருந்தது. விமர்சகர்கள் கொடுத்தது 84. ஒரே ஒரு புள்ளி. பணம் கிடைக்கவில்லை. கேமைச் செய்தவர்களின் வருமானத்தை இப்படி ஒரு சராசரியில் கட்டி வைப்பதே அநியாயம் என்பது என் எண்ணம். புள்ளிகளை ஏற்றி இறக்கி விளையாடும் நாமும் அந்த அநியாயத்துக்குத்தான் எண்ணெய் ஊற்றுகிறோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு விமர்சனச் சண்டை தெரியாது என்று நாம் சொல்லவே கூடாது. அங்கே படித்த இலக்கிய விமர்சகர் கைலாசபதியின் 'முற்போக்கு' அணியோடு முரண்பட்டு எழுத்தாளர் எஸ்.பொ. 1960களில் பிரிந்து போனார். 'முற்போக்கு'க்கு எதிராக 'நற்போக்கு' என்று கொடி பிடித்தார். கடுமையாகத் திட்டிக்கொண்டார்கள், சில வேளை அளவு மீறியும். ஆனால் சொந்தப் பெயரில், பக்கம் பக்கமாக எழுதித் திட்டினார்கள். இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். உங்கள் பூச்சியங்களை நாளைக்கு யார் படிப்பது?

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அதற்கு 'வெண்பா'வை எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜூலை 31 அன்று வந்த கேம். கனடாவின் டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, பாவலன், மகன் கவின். சமைத்துச் சமைத்துக் கதை நகரும். சர்வதேச விமர்சகர்கள் பாராட்டினார்கள். 2024 ஏப்ரலில் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. ஆடியவர்களில் ஒரு பகுதியினரின் குறை வேறு: ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது, அதற்கு 15 டொலரா? அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 5,000 ரூபா.

இருவர் சொன்னதும் சரி. ஆனால் இருவருமே எழுதாத ஒன்று இருக்கிறது, அதை எழுதக்கூடியவர்கள் நீங்கள். அந்தக் கேமின் முதல் புதிரே இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான். இலண்டன் விமர்சகருக்கு அது யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். அம்மா இட்லி அவிப்பதைத் தினம் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிரே இல்லை. ஒரே மூச்சில் கடந்துவிடுவோம். ஆகவே நமக்கு அந்தக் கேம் இன்னும் குறுகியது. அதே நேரம், கவின் தன் தாயிடம் தமிழில் பதில் சொல்லக் கூச்சப்படும் இடம், வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் வேறு மாதிரிக் குத்தும். விலைக்குப் பெறுமதியா? ஆம் என்று ஒரு தங்கையும் இல்லை என்று ஒரு தம்பியும் இதையெல்லாம் வைத்து வாதாடியிருந்தால், உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத விமர்சனம் கண்டியிலிருந்து வந்திருக்கும். வரவில்லை.

போட்டிகளில் நாம் பின்தங்கவில்லை. கேமர்.எல்கே பல ஆண்டுகளாக நாடளாவிய போட்டிகளை நடத்துகிறது. பாடசாலை மாணவர்களும் ஆடுகிறார்கள். ஆடத் தெரிகிறது நமக்கு. ஆடியதைச் சொல்லத்தான் பழகவில்லை.

ஆகவே கேட்கிறேன். அடுத்த முறை ஒரு விமர்சனம் உங்களைக் கொதிக்க வைத்தால், இணைப்பைக் குழுவில் போடாதீர்கள். கேமை முதலில் ஆடுங்கள். முழுவதும் முடியாவிட்டால் எவ்வளவு ஆடினீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு நூறு, இருநூறு சொல் எழுதுங்கள், தமிழில். எந்த மெஷின் அல்லது எந்த போன், எந்த இணைப்பு, பிங் எவ்வளவு, எத்தனை ரூபா கொடுத்தீர்கள், கரண்ட் போனால் என்ன ஆகும், இங்கிலிஷ் குறைவாகத் தெரிந்த ஒருவருக்குக் கதை விளங்குமா. இவற்றில் எது முக்கியம் என்று உங்களுக்குப் படுகிறதோ அதை. அந்த விமர்சகர் எந்த இடத்தில் பிழை விட்டார் என்பதை அவர் எழுதிய வரியைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். அவருடைய தாயை விட்டுவிடுங்கள். புள்ளி போடத்தான் வேண்டுமென்றால் கடைசியில் போடுங்கள். கீழே உங்கள் சொந்தப் பெயர் இருக்கட்டும், ஊர்ப் பெயரும் இருக்கட்டும்.

எங்கே எழுதுவது என்று கேட்காதீர்கள். ஸ்டீமில் எழுதலாம், தமிழில் தட்டச்சு செய்ய யாரும் தடை போடவில்லை. பாடசாலைச் சஞ்சிகைக்கு, வாரப் பத்திரிகையின் இளைஞர் பக்கத்துக்கு அனுப்பலாம். எழுத்துப் பிழைக்காகக் கூச்சப்பட வேண்டாம். திருத்தித் தர நான் இருக்கிறேன், என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். நான் எழுதியதை மறுத்து எழுதினால் அதை முதலில் அனுப்புங்கள்.

அந்தத் தங்கையையும் திரும்ப எழுதச் சொல்லுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டாள். ஏசியவர்கள் உங்களுக்குள்தான் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டால் அவள் எழுதக்கூடும்.